எட்டாம் நம்பர் பிச்சாத்தி

ஒரு கத்தி வாங்கிருக்கேன், அதப் பத்தி எழுதலாம்னு உக்காந்தா முதல்ல அம்மா சொன்னதுதான் ஞாபகம் வருது. "என்ன மக்கா இது, பிச்சாத்தியா? வீட்டுல நாலு கெடக்கே." நாலு இல்ல, ஆறு கெடக்கு, நான் எண்ணிப் பாத்தேன். அதுல ரெண்டுக்கு பிடி ஆடும், ஒண்ணுக்கு முனை உடைஞ்சிருக்கு, மிச்சம் மூணும் தக்காளிய வெட்டாது, நசுக்கும். ஆனா இத அம்மாகிட்ட சொல்ல முடியுமா, அவங்களுக்கு அருவாமனை இருக்கு, அது போதும். கத்திங்கிறது அவங்களப் பொறுத்தவரைக்கும் ஆம்பளைங்க சமையக்கட்டுக்குள்ள வந்தா குடுத்து ஒரு ஓரமா உக்கார வைக்கிற சாமான்.

நான் வாங்கினது ஒப்பினெல். பிரான்ஸ் கத்தி, மரப்பிடி, மடக்குறது, எட்டாம் நம்பர். கூட வேலை செய்ற ஒரு அண்ணன் ஆபீஸ் விஷயமா லியோன் போயிட்டு மூணு வாரம் கழிச்சு திரும்பி வந்தார், போறதுக்கு முன்னாடியே சொல்லி வச்சிருந்தேன், சாக்லேட் வேண்டாம்ணே, சென்ட் வேண்டாம்ணே, இது ஒண்ணு மட்டும் வாங்கிட்டு வாங்க, காச தந்துருதேன்னு. அங்க இது சூப்பர் மார்க்கெட்லயே தொங்குமாம், பதினஞ்சு யூரோ கூட ஆகல. அவர் அத பத்திரமா வைக்கிறேன்னு லேப்டாப் பைக்குள்ள வச்சிட்டாராம். ஏர்போர்ட் கிளம்பறதுக்கு கொஞ்சம் முன்னாடி அவரோட ரூம்மேட் பாத்துட்டு, இத கைல தூக்கிட்டு பிளேன் ஏறப் போறியான்னு கேட்ட பிறகுதான் பெரிய பெட்டிக்கு மாறிச்சு. இல்லன்னா என் கத்தி செக்யூரிட்டி செக்கிங்ல குப்பைத் தொட்டிக்குப் போயிருக்கும், நான் இத எழுதிட்டிருக்க மாட்டேன்.

குடுக்கும்போது கைல குடுக்கல. மேசைல வச்சாரு, எடுத்துக்கோன்னாரு. நம்மூர்ல கத்திய கைக்கு கை மாத்துனா சண்டை வரும்னு சொல்லுவாங்கல்ல, அதுதான். சுவாரசியம் என்னன்னா பிரான்ஸ்லயும் இதே மாதிரி ஒண்ணு உண்டு, கத்திய யாராவது பரிசா குடுத்தா வாங்கறவன் பதிலுக்கு ஒரு நாணயமாவது குடுக்கணும், இல்லன்னா நட்பு அறுந்துரும்னு. நான் முழு காசும் குடுத்துட்டேன், அதனால எங்க நட்புக்கு ரெண்டு நாட்டு முறைப்படியும் ஆபத்தில்ல.

இனி ஏன் இந்தக் கத்தின்னு கேப்பீங்க. முன்னாடி என்கிட்ட சிவப்புக் கலர் சுவிஸ் கத்தி ஒண்ணு இருந்துச்சு, கத்திரி, ஓப்பனர், ஸ்க்ரூட்ரைவர், பல்லுக் குத்துற குச்சி எல்லாம் வச்சது. நல்ல சாமான், குறை சொல்ல மாட்டேன், அஞ்சு வருஷம் வச்சிருந்து ஒரு ரயில்ல தொலைச்சேன். ஆனா நினைச்சுப் பாத்தா அந்த அஞ்சு வருஷத்துல நான் அதுல உண்மையா உபயோகிச்சது பிளேடும் கத்திரியும்தான். மிச்சதெல்லாம் அடுத்தவங்களுக்கு காட்டறதுக்கு. அப்புறம் அந்த பிளேடுக்கு லாக் கிடையாது, கொஞ்சம் கட்டியான எதையாவது குத்தினா விரல் மேலயே மடங்கி வரும்னு ஒரு பயம் இருந்துட்டே இருக்கும். அதனால இந்த தடவ ஒரே பிளேடு, லாக் ஆகணும், கையில பிடிச்சா மரமா இருக்கணும், விலை தொலைஞ்சா அழாத விலையா இருக்கணும்னு முடிவு பண்ணேன். தேடிப் பாத்தா எல்லா வழியும் இதுலதான் வந்து நின்னுச்சு.

சரி, சாமானுக்கு வருவோம்.

பெட்டியப் பிரிச்சதும் முதல்ல தோணினது, இவ்வளவுதானா. கனமே இல்ல. ஒரு சின்ன கோழிமுட்டை எடைகூட வராது. மடக்கினா 11 சென்டிமீட்டர், அதாவது என் உள்ளங்கையத் தாண்டி ஒரு விரல் அகலம் நீட்டிட்டு நிக்கும். விரிச்சா பிளேடு எட்டரை சென்டிமீட்டர். பிடி பீச் மரம், வெளிர் மஞ்சளா, நடுவுல கொஞ்சம் குண்டா வால் பக்கம் மீன் மாதிரி வளைஞ்சு போகுது. மொத்தமே அஞ்சு உறுப்புதான். பிளேடு, பிடி, அத ரெண்டயும் சேத்துப் பிடிக்கிற ஆணி, ஒரு இரும்புப் பட்டை, அந்தப் பட்டை மேல சுத்துற ஒரு வளையம். ஸ்ப்ரிங் கிடையாது, ஸ்க்ரூ கிடையாது, பட்டன் கிடையாது. பொம்மை மாதிரி இருக்கேன்னு ஒரு ஏமாற்றம் வந்தது நெஜம். அண்ணன் வேற பக்கத்துல நின்னு "இதுக்கா இந்தப் பாடு"ன்னு ஒரு பார்வை பாத்தாரு.

பிளேட வெளிய எடுக்க ஒரு சின்ன நகப்பள்ளம் வெட்டிருக்கான், அதுல பெருவிரல் நகத்த மாட்டி இழுக்கணும். புதுசுல ரொம்ப இறுக்கம். எனக்கு நகம் கடிக்கிற பழக்கம் உண்டு, அது இந்தக் கத்திக்கு ஆகாது. ரெண்டு கையும் வேணும், சினிமாவுல வர்ற மாதிரி ஒத்தக் கையால படக்குன்னு விரிக்கிற வேலையெல்லாம் நடக்காது. விரிச்ச பிறகு அந்த வளையத்த ஒரு கால் சுத்து சுத்தினா அதுல இருக்கற திறப்பு நகர்ந்து பிளேடோட அடிப்பாகத்த அடைச்சிடும், பிளேடு மடங்காது. அவ்வளவுதான் லாக். இத 1955ல மார்செல் ஒப்பினெல் கண்டுபிடிச்சாராம், விரோப்லாக்னு பேரு. அதுக்கு முன்னாடி அறுபது வருஷத்துக்கு மேல இந்தக் கத்தி லாக்கே இல்லாமதான் வித்திருக்கு. 2000த்துக்கு அப்புறம் மடக்கி வச்ச நிலையிலயும் பூட்டுற மாதிரி மாத்திட்டாங்க, பாக்கெட்டுக்குள்ள தானா திறக்காது. இந்த வளையம்தான் எனக்கு இதுல ரொம்பப் பிடிச்ச விஷயம், சும்மா உக்காந்திருக்கும்போது இப்படியும் அப்படியும் சுத்திட்டே இருக்கலாம், ஆபீஸ் மீட்டிங்ல பேனா மூடிய டக் டக்குன்னு தட்டுற ஆளுங்களுக்கு இது சொர்க்கம். மீட்டிங்குக்கு கொண்டு போகாதீங்க, அது வேற.

முதல் நாளே ரத்தமும் பாத்தாச்சு. லாக்க திறந்துட்டு மடக்கறேன், பழைய சுவிஸ் கத்தி பழக்கத்துல கடைசில ஸ்ப்ரிங் இழுத்து டப்புன்னு மூடிக்கும்னு கை எதிர்பாத்து விரல அசால்ட்டா பிடியோட பிளவு மேலயே வச்சிருந்துச்சு. இதுல ஸ்ப்ரிங்கே கிடையாதே, நாம தள்ளத் தள்ள வந்துட்டே இருக்கும். ஆள்காட்டி விரல் ஓரத்துல ஒரு கோடு. வலிக்கவே இல்ல, கொஞ்ச நேரம் கழிச்சு ரத்தத்தப் பாத்த பிறகுதான் தெரிஞ்சது. கூர் எப்படி இருக்குன்னு கேட்டா இதுதான் என் பதில். அம்மா மஞ்சப்பொடிய வச்சு அமுக்கிட்டே ஒரு வார்த்த சொல்லல, அந்த சொல்லாம இருந்ததுதான் ரொம்ப வலிச்சுது.

பேப்பர்ல போட்டுப் பாத்தேன், தினத்தாள மேலேர்ந்து கீழ சத்தமில்லாம கிழிக்குது. தக்காளி, வச்சு இழுத்தா போதும், தானா இறங்குது. பிளேடு ரொம்ப மெல்லிசு, ஒன்றரை மில்லிமீட்டருக்கு கொஞ்சம் மேலதான் இருக்கும், அதனாலதான் இந்த மாதிரி வெட்டுது. தடிச்ச பிளேடா இருந்தா எவ்வளவு கூர் இருந்தாலும் கேரட்ட வெட்டாது, பிளந்துதான் விடும், டக்குனு ஒரு சத்தம் வரும் கேட்டிருப்பீங்க. இதுல அந்த சத்தம் வரல. ஆனா மெல்லிசுங்கறதுக்கு மறுபக்கமும் உண்டு. தேங்கா கொத்தப் போகாதீங்க, டப்பா மூடிய நெம்பாதீங்க, முனை போயிரும். அதுக்குத்தான் வெட்டோத்தி, அதாவது வெட்டருவா, இருக்கு.

இப்பதான் நான் சொல்ல வந்த விஷயமே ஆரம்பிக்குது.

இந்தக் கத்தி ரெண்டு வகையில வருது. ஒண்ணு துருப்பிடிக்காத இரும்பு, இன்னொண்ணு கார்பன் ஸ்டீல், பிளேடுலயே பிரெஞ்சுல கார்போன்னு எழுதிருக்கும். கார்பன்ல கூர் நல்லா ஏறும், கல்லுல தேய்ச்சா சீக்கிரம் பதத்துக்கு வரும், விலையும் கொஞ்சம் கம்மி, ஆனா துருப்பிடிக்கும். நான் நெட்ல நாலு வீடியோ பாத்துட்டு பெரிய இவன் மாதிரி கார்பன்தான் வேணும்ணேன்னு சொல்லி விட்டிருந்தேன். நான் இருக்கறது எங்க, நாகர்கோவில். ஜூன் பொறந்தா மழை, அது முடிஞ்சு கொஞ்சம் மூச்சு விட்டா அக்டோபர்ல இன்னொரு மழை. இங்க சைக்கிள் செயினே ஒரு ராத்திரில சிவக்கும். இதயெல்லாம் அந்த வீடியோக்காரன் சொல்லல, அவன் எங்கயோ காஞ்ச ஊர்ல உக்காந்து பேசிட்டிருக்கான்.

வந்த மறுநாள் வீட்டுல புளிச்சமாங்கா ஒண்ணு கிடந்துச்சு, உப்பும் மிளகாப்பொடியும் தொட்டு திங்கலாம்னு வெட்டினேன். அப்படியே திண்ணைல வச்சிட்டு போன் வந்துச்சு பேசிட்டு வந்தேன், ஒரு அரைமணி நேரம் இருக்கும். வந்து பாத்தா பளபளன்னு இருந்த பிளேடு மேல பாதிக்கு கருநீலமா படை மாதிரி பிடிச்சிருக்கு. எனக்கு நெஞ்சு நின்னுருச்சு. துணியால தேய்க்கறேன் போகல, சோப்பு போட்டேன் போகல. புதுக் கத்தி, ஒரு நாள்தான் ஆச்சு, பழைய இரும்புக்கடையில கிடந்த மாதிரி ஆயிருச்சேன்னு ரொம்ப விசனமா இருந்துச்சு. அம்மாகிட்ட காட்டினேன். அவங்க சிரிச்சிட்டு அருவாமனைய இழுத்துப் போட்டு காட்டினாங்க. அது எங்க பாட்டி காலத்து சாமான், ஓரம் மட்டும்தான் வெள்ளையா இருக்கும், மிச்சமெல்லாம் இட்லிச் சட்டி அடி மாதிரி கருப்பு. "இரும்புன்னா கருக்கத்தான் செய்யும். செவந்தாதான் குத்தம்"னாங்க.

இத விட சுருக்கமா எந்த வீடியோலயும் யாரும் சொல்லல. நெட்டுல இதுக்கு பட்டினான்னு பேரு வச்சு அரைமணி நேரம் பேசுறாங்க. கருப்பு வேற, சிவப்பு வேற. சிவப்பு துரு உதிரும், உதிர்ந்து உள்ள போகும், இரும்ப தின்னும். கருப்பு அப்படியே மேல ஒட்டிக்கிட்டு ஒரு தோல் மாதிரி உக்காந்துக்கும், அடுத்து துரு ஏறறத கொஞ்சம் தடுக்கவும் செய்யும். மாங்காயோட புளிப்பும் அதுல இருக்கற துவர்ப்பும் இரும்போட சேந்து பண்ற வேலை அது. வாழைக்காய இரும்புக் கத்தில வெட்டினா கையும் கத்தியும் கருக்குதுல்ல, அதேதான். கடுக்காயும் இரும்பும் சேத்து மை காய்ச்சினதும் இதே கணக்குதான். சிலர் வேணும்னே எலுமிச்சம்பழத்துல குத்தி வச்சு ஒரு ராத்திரி விட்டு கருக்க வைப்பாங்களாம். எனக்கு எலுமிச்சம்பழம் செலவில்லாம மாங்காயே பண்ணிக் குடுத்துருச்சு. இப்ப பாத்தா நல்லாத்தான் இருக்கு, முனைப் பக்கம் நீலம், அடிப் பக்கம் சாம்பல், நடுவுல மாங்கா சாறு வழிஞ்ச தடம் ஒரு ஆறு மாதிரி.

ஆனா ஒரு விஷயம், வெட்டின உடனே கருத்த இரும்போட ருசி மாங்காயில லேசா ஏறும். முதல் துண்டுல எனக்குத் தெரிஞ்சுது. ரெண்டாம் நாள்லேர்ந்து இல்ல.

எட்டாம் நம்பர்ங்கறதுக்கும் ஒரு கதை இருக்கு. பிரான்ஸ்ல ஆல்ப்ஸ் மலைப்பக்கம் சவோய்னு ஒரு பகுதி, அங்க ஜோசப் ஒப்பினெல்னு ஒரு பையன், அவங்கப்பாவுக்கு பட்டறை. சுத்துப்பட்டு விவசாயிங்களுக்கு கோடாலி, வெட்டோத்தி மாதிரி சாமான், கிளை கழிக்கிற கத்தி அடிச்சுக் குடுக்கற பட்டறை. இவன் 1890ல, பதினெட்டு வயசுல, ஃப்ரெண்ட்ஸுக்காக ஒரு மடக்குக் கத்தி பண்ணிக் குடுத்திருக்கான். எல்லாருக்கும் பிடிச்சுப் போக 1897ல ஒண்ணுலேர்ந்து பன்னெண்டு வரைக்கும் நம்பர் போட்டு பன்னெண்டு அளவுல கொண்டு வந்துட்டான். ஒண்ணாம் நம்பர் சுண்டுவிரல் அளவு, பதினொண்ணாம் நம்பர் பத்துக்கும் பன்னெண்டுக்கும் நடுவுல மாட்டிக்கிட்டு யாருக்கும் வேண்டாததா போச்சு, அதனால 1935ல இந்த ரெண்டயும் நிறுத்திட்டாங்க. வீட்டுல நடுப்பிள்ளையா பொறந்த என்ன மாதிரி ஆளுங்களுக்கு பதினொண்ணாம் நம்பரோட கஷ்டம் புரியும். எட்டுதான் அதிகமா எல்லார் கைக்கும் பொருந்தற அளவுன்னு சொல்றாங்க. எனக்கு கை பெருசு, ஒம்பது வாங்கிருக்கலாமோன்னு இப்ப ஒரு சின்ன சந்தேகம்.

பிளேடுல ஒரு கை, அது மேல கிரீடம் குத்திருக்கும். கையில ரெண்டு மூணு விரல் தூக்கி ஆசீர்வாதம் பண்ற மாதிரி. பக்கத்து ஊர் பேரு சான் ழான் த மொரியன், அங்க உள்ள கோயில்ல திருமுழுக்கு யோவானோட விரல் எலும்பு இருக்கறதா ஐதீகம், அந்த ஊர் சின்னமே அந்தக் கைதான், கிரீடம் சவோய் பிரபுக்களோடது. 1909ல இத முத்திரையா பதிவு பண்ணிருக்காங்க. எங்க மாவட்டத்துல கோட்டாறு சவேரியார் கோயில் திருவிழாவுக்கு போறவங்களுக்கு இதெல்லாம் ஒண்ணும் புதுசா இருக்காது, சாமான்ல சாமி இருக்கறது நமக்கு பழக்கம்தானே.

லண்டன்ல விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் மியூசியம் 1985ல உலகத்துலயே நல்லா வடிவமைச்ச நூறு பொருள்ல இந்தக் கத்தியயும் சேத்துச்சு, போர்ஷே 911 கார் எல்லாம் உள்ள லிஸ்ட்டு. இத அம்மாகிட்ட சொன்னேன். "அருவாமனைய அவங்க பாக்கல போலருக்கு"ன்னாங்க.

சரி, மூணாம் நாள் கதைக்கு வரேன். ராத்திரி முழுக்க மழை. காலைல சக்கப்பழம் ஒண்ணு பக்கத்து வீட்டுலேர்ந்து வந்துச்சு, முழுசா இல்ல, ஒரு கீத்து. சுளைய எடுக்கலாம்னு கத்திய விரிக்கப் பாக்கறேன், வரல. வளையம் திறந்துதான் இருக்கு, நகத்த மாட்டி இழுக்கறேன், நகம்தான் வளையுது, பிளேடு அசையல. ஏதோ மாட்டிக்கிச்சு போலன்னு உள்ள எட்டிப் பாத்தா ஒண்ணும் இல்ல. அப்புறம்தான் விளங்கிச்சு, மரம் ஊறிருச்சு. ராத்திரி ஜன்னல் ஓரத்துல வச்சிருந்தேன், அந்த ஈரத்தக் குடிச்சு பிடி உப்பி, பிளேடு உக்காந்திருக்கற பிளவு சுருங்கி, கவ்விப் பிடிச்சிருக்கு. வெள்ளைக்காரன் ஊர் மரம், நம்ம மழைய முதல் தடவயா பாக்குது, பாவம்.

சக்கப்பழத்த கையாலதான் பிச்சோம். அம்மா கையில தேங்கா எண்ணெய தடவிட்டு நாலு நிமிஷத்துல முடிச்சிட்டாங்க. நான் ஒரு உலகப் புகழ் கத்திய கையில வச்சுக்கிட்டு திறக்கத் தெரியாம நிக்கறேன்.

இதுக்கு அந்த ஊர்லயே ஒரு வைத்தியம் வச்சிருக்காங்க, சவோய்காரன் தட்டுன்னு பேரு. வளையத்த திறந்த நிலையில வச்சுட்டு, கத்தியோட வளையப் பக்கத்து முனைய மரக்கட்டை மாதிரி ஏதாவது ஒண்ணுல டொக்குன்னு ஒரு தட்டு தட்டணும், பிளேடு கொஞ்சம் வெளிய எட்டிப் பாக்கும், பிடிச்சு இழுத்துக்கலாம். நான் படிக்கட்டுல தட்டினேன், மூணாவது தட்டுல வந்துச்சு. அந்த ஊர்க்காரனுக்கே இது தெரிஞ்ச வியாதிதான்னு தெரிஞ்சப்போ எனக்கு கோவம் போயி ஒரு மாதிரி பாசம் வந்துருச்சு. குறைய மறைக்கறதுக்கு பதிலா அதுக்கு ஒரு பேரு வச்சு, ஒரு தட்டு கண்டுபிடிச்சு, நூறு வருஷத்துக்கு மேல மரப்பிடியிலயே விக்கறான் பாருங்க.

தட்டிக்கிட்டே இருக்க முடியாதுல்ல. அதனால ஞாயித்துக்கிழமை வெயில் அடிச்சப்ப உக்காந்து வேலை பாத்தேன். ஒரு அட்டையில உப்புத்தாள சுத்தி அந்தப் பிளவுக்குள்ள விட்டு ரெண்டு பக்கச் சுவரையும் லேசா தேய்ச்சேன், ரொம்ப இல்ல, ஒரு பக்கத்துக்கு பத்து பதினஞ்சு இழுப்பு. வெளிப்பக்கம் வார்னிஷ் இருக்கு, உள்ள அந்த அளவுக்கு இருக்கற மாதிரி தெரியல, ஈரம் அந்த வழியாத்தான் போயிருக்கணும். அப்புறம் எண்ணெய். நெட்டுல ஆளி விதை எண்ணெய்னு சொல்றான், அது காஞ்சு மரத்துக்குள்ள இறுகிக்கும். எங்க வீட்டுல தேங்கா எண்ணெய்தான் இருக்கு. தேங்கா எண்ணெய் இறுகாது, நாளானா சிக்கு வாடை வரும்னு தெரியும், ஆனா தலைக்கும் அதான், அப்பளத்துக்கும் அதான், கதவுக் கீலுக்கும் அதான், இந்தக் கத்திக்கு மட்டும் என்ன தனி மரியாதை. நல்லா குடிக்க விட்டு ரெண்டு நாள் வச்சேன். இப்ப முன்ன விட தேவலை. பிளேடுக்கும் அதையே தொட்டு ஒரு துடை, ராத்திரி படுக்கறதுக்கு முன்னாடி. பழத்தயோ காயயோ வெட்டினா உடனே கழுவணும், உடனே துடைக்கணும், காய விட்டு மடக்கணும். ஈரத்தோட மடக்கினா முடிஞ்சுது.

இந்த துடைக்கற வேலை முதல்ல எரிச்சலா இருந்துச்சு. எவர்சில்வர் வந்த பிறகு பொறந்த கை இது. சிங்க்ல போட்டா போட்டதுதான், மறுநாள் எடுத்தாலும் அப்படியே இருக்கும்னு பழகிருக்கு. இப்ப வெட்டி முடிச்சதும் கை தானா துணியத் தேடுது. போன வாரம் ஆபீஸ்ல கேக் வெட்ட பிளாஸ்டிக் கத்தி குடுத்தாங்க, வெட்டிட்டு அத என் சட்டை நுனியால துடைச்சுட்டு வச்சேன், எல்லாரும் ஒரு மாதிரி பாத்தாங்க.

சாணை விஷயமும் சொல்லணும். கூர் போகல, இருந்தாலும் ஒரு ஆர்வத்துல எங்க ஏரியாவுல வெட்டோத்தி அடிக்கற ஒரு பட்டறைக்கு கொண்டு போனேன். அந்தப் பெரியவர் வேலை செய்றது எல்லாம் லாரி ஸ்ப்ரிங் பட்டையிலதான், அத வாங்கி உலையில வச்சு அடிச்சு வெட்டோத்தி, மம்மட்டி, தேங்கா உரிக்கற பாரை. கத்திய வாங்கி விரிச்சு முதல்ல பிளேட நகத்தால சுண்டி காதுல வச்சுக் கேட்டாரு. அப்புறம் ஓரத்துல அரத்த லேசா வச்சு ஒரு இழுப்பு, எனக்கு உயிரே போச்சு, ஆனா அரம் வழுக்கிக்கிட்டு போச்சு. "நல்ல உருக்கு. பதம் சரியா விட்டிருக்கான்"னாரு. நான் பந்தாவா, இதுல கார்பன் 0.9 சதவீதம் மாமான்னு சொன்னேன், அவர் அத காதுல வாங்கின மாதிரியே தெரியல. மோட்டார் கல்லுல பிடிச்சுக் குடுங்கன்னு கேட்டதுக்கு மாட்டேன்னுட்டாரு. "இது தகடு மாதிரி இருக்கு தம்பி, மிசின் கல்லுல வச்சா சூடேறி நீலம் பாயும், பதம் போயிரும், அப்புறம் கரண்டிதான். வீட்டுல தண்ணிக் கல்லுல வச்சு தேய்". காசு வாங்கல. மடக்கத் தெரியாம ஒரு நிமிஷம் முழிச்சாரு, வளையத்தக் காட்டிக் குடுத்ததும் நாலு தடவ பூட்டித் திறந்து பாத்துட்டு "கெட்டிக்காரன்"னு மட்டும் சொன்னாரு. அந்த மார்செல் இருந்திருந்தா மியூசியத்த விட இந்த ஒரு வார்த்தைக்கு சந்தோஷப்பட்டிருப்பாருன்னு எனக்கொரு நெனப்பு.

தேடிட்டிருக்கும்போது இன்னொண்ணும் கண்ணுல பட்டுச்சு. பேனாக்கத்தின்னு நாம சொல்றது, இறகுப் பேனா நுனிய சீவற சின்னக் கத்திங்கறதால வந்த பேரு. அதே வேலைய நம்மாளுங்க ஓலைக்கு பண்ணிருக்காங்க. மடக்கெழுத்தாணின்னு ஒண்ணு, ஒரே பிடிக்குள்ள எழுத்தாணியும் ஓலை வார்ற கத்தியும் மடங்கி உக்காந்திருக்கும். இடுப்புல செருகிட்டு போயிருப்பாங்க.

இடுப்புன்னதும் ஞாபகம் வருது, இதுல எனக்குள்ள பெரிய குறை அதுதான். பாக்கெட் கத்தி வாங்கிட்டேன், வீட்டுல இருக்கற நேரம் பூரா சாரம்தான் கட்டுறேன், பாக்கெட் எங்க இருக்கு. மடியில செருகினா உருண்டை பிடிங்கறதால வழுக்கி இறங்குது, ரெண்டு தடவ கால் மேல விழுந்துச்சு. சட்டைப் பையில போட்டா குனியும்போது விழுது. மத்த கத்திக்கெல்லாம் மாட்டிக்கற கிளிப் இருக்கும், இதுல இல்ல. பேன்ட்ல போட்டா அருமையா கிடக்குது, இருக்கறதே தெரியாது, அதுவும் ஒரு பிரச்சினை, போன மாசக் கடைசில சென்னை போயிட்டு மெட்ரோல பை ஸ்கேன் பண்ற இடத்துக்கு பக்கத்துல போனப்பதான் உள்ள கிடக்குதுன்னு ஞாபகம் வந்துச்சு. அப்படியே திரும்பி ஆட்டோ பிடிச்சேன், முந்நூறு ரூபா. இத வச்சிருக்கறது தப்பான்னு ஒரு நண்பன் கேட்டான், ஆயுதச் சட்டத்துல வர்றது 9 அங்குலத்துக்கு மேல நீளமோ 2 அங்குலத்துக்கு மேல அகலமோ உள்ள பிளேடு, அதுலயும் வீட்டு வேலை விவசாய வேலைக்குன்னு செஞ்சது சேராது. இது மூன்றரை அங்குலம் கூட வராது. ஆனா சட்டம் என்ன சொன்னாலும் செக்கிங்ல நிக்கற ஆள்கிட்ட நின்னு அங்குலக் கணக்கு பேசறதுக்கு எனக்கு தெம்பில்ல.

மிச்ச குறைகளும் சொல்லிடறேன். பிளேடு மடக்கும்போது சரியா நடுவுல உக்காரல, ஒரு பக்கமா சாஞ்சிருக்கு, மரத்த லேசா உரசுது. வளையம் முதல் வாரம் கல்லு மாதிரி இருந்துச்சு, இப்ப சரியா இருக்கு, இன்னும் ஒரு வருஷத்துல தொளதொளன்னு ஆகுமோ என்னமோ. பிடியோட வால் பக்கம் ஒரு இடத்துல வார்னிஷ் சொட்டி காஞ்சிருக்கு, இந்த விலைக்கு அத கேள்வி கேக்க மாட்டேன்.

யாருக்கு ஆகும்னா, பழம் வெட்ட, பார்சல் பிரிக்க, பென்சில் சீவ, கயிறு அறுக்க, அவ்வளவுதான் தேவைன்னா இதுக்கு மேல ஒண்ணும் வேண்டாம். துடைக்க சோம்பல்னா துருப்பிடிக்காதத வாங்கிக்கோங்க, அதுலயும் மரம் உப்பத்தான் செய்யும், அதுக்கு தப்பிக்க வழியில்ல, ஆனா பிளேடாவது பாத்துக்கும். கடலோரத்துல இருக்கறவங்க கார்பன் வேண்டாம்னே சொல்லுவேன். நான் கடல்லேர்ந்து கொஞ்சம் தள்ளித்தான் இருக்கேன், இருந்தும் நகப்பள்ளத்துக்குள்ள ஒரு சிவப்புப் புள்ளி வந்துருச்சு, பல் விளக்கற பழைய பிரஷ்ஷும் சாம்பலும் வச்சு எடுத்தேன்.

இத டைப் பண்ணிட்டிருக்கறப்ப வெளிய மறுபடியும் கொட்டுது, நேத்து மத்தியானம் பிடிச்ச மழை. எண்ணெய் போட்டதுக்கு அப்புறம் பரவாயில்லன்னு சொன்னேன்ல, அத கொஞ்சம் வாபஸ் வாங்கிக்கறேன், காலைலேர்ந்து இறுக்கமாத்தான் இருக்கு, தட்டினா வருது ஆனா மனசில்லாம வருது. நனைஞ்ச செல்போன அரிசிக்குள்ள போடற மாதிரி இதயும் போட்டா என்னன்னு தோணிச்சு, மத்தியானம் யாருக்கும் தெரியாம அரிசி டப்பால புதைச்சு வச்சேன். இப்ப உள்ளேர்ந்து உழக்கு உரசற சத்தம் கேக்குது.

"மக்கா, அரிசி அளக்க வந்தா பிச்சாத்தி வருதே."